மைக்கேலின் ஐந்து நிமிடம்

எண்பத்து மூன்று பேர் என்று நினைவு. எண்பத்தொன்றாகவும் இருக்கலாம். அறிவிப்புப் பலகையில் என் எண்ணைத் தேடிய பதற்றத்தில் மொத்தத்தை நான் சரியாக எண்ணவில்லை. அன்று மழை பெய்ததா என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. தலை நனைந்திருந்தது ஞாபகம் இருக்கிறது; அது வியர்வையாகவும் இருந்திருக்கும். நடந்ததில் பாதி நான் பார்த்தது, மீதி அக்கா பல வருஷம் கழித்துச் சொன்னது. இரண்டையும் எந்த இடத்தில் சேர்த்துத் தைத்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. அதனால் அக்காவின் பக்கத்தில் நின்றே சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்றால் எங்கள் எல்லோருக்கும் அக்கா. நாற்பதாயிரம் பேர் படிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ அக்காக்கள் இருந்திருப்பார்கள். ஆனால் சமூகவியல் துறையில் அந்தச் சொல் ஒருத்தியை மட்டும்தான் குறித்தது. வயது முப்பத்தாறு. கணவர் பஸ் டிரைவர். ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் காலை ஆறிலிருந்து பத்து வரை வேலை. வார்டு வாரியாக மூட்டை கட்டி வரும் விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, இயந்திரத்தில் போட்டு, உலர்ந்ததை மடித்து அடுக்க வேண்டும். எவ்வளவு கழுவினாலும் கையிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாசனை போகாது. நூலகத்தில் அவள் புரட்டிய புத்தகத்தை அடுத்து எடுப்பவர் மோந்து பார்த்தே, "அக்கா கை பட்டிருக்கு" என்பார்.

பகுதிநேர மாணவி. விதி மூன்று வரிதான். ஆறு வருஷத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும். ஒரு தாளை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. இரண்டில் எது தவறினாலும் பதிவு ரத்து. அக்காவுக்கு அது ஆறாவது வருஷம். எல்லாத் தாளும் தேறி, 'கூட்டமும் சமூகமும்' என்ற ஒரு தாள் மட்டும் மிச்சம். அதில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இது மூன்றாவது முறை.

தோற்றதற்குக் காரணம் சிக்கலானதல்ல. அந்தத் தாளுக்கான வகுப்பு காலை எட்டு மணிக்கு. எட்டு மணிக்கு அக்கா விரிப்புகளுக்கு நடுவில் நிற்பாள். வகுப்பு நடக்கும் பெரிய அரங்கில் அறுநூறு இருக்கை. அத்தனை பேருக்கு வருகைப் பதிவு எடுக்க யாராலும் முடியாது என்பதால் வராதவரைக் கேட்பார் இல்லை. ஆனால் வராமல் படிக்கவும் வழியில்லை. பாடத்துக்கென்று தனிப் புத்தகம் கிடையாது. விரிவுரையாளர் பேசுவதுதான் பாடம். அந்த வருஷம் புதிதாக வந்த விரிவுரையாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிறிய உருவம், அதைவிடச் சிறிய குரல். மாணவர்கள் வைத்த பெயர் எறும்பு மேடம். மேடத்தின் முகத்தை அக்கா நடைபாதையில் பார்த்திருக்கிறாள். குரலைக் கேட்டதில்லை.

அந்த வருஷம் அக்காவுக்குக் கிடைத்தவள் தூண்.

அரங்கின் நடுவில் மேற்கூரையைத் தாங்கும் ஒரு பெரிய தூண் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் இருக்கையிலிருந்து மேடையும் தெரியாது, கரும்பலகையும் தெரியாது. யாரும் உட்காராத அந்த இடத்தில் ஒரு பெண் மட்டும் நாள் தவறாமல் உட்காருவாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். யாருடனும் பேசமாட்டாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் காதில் விழுவதையெல்லாம் எழுதுவாள். மேடம் இருமினால் 'இருமல்' என்று எழுதுவாள். கதவு அடித்துக்கொண்டால் 'கதவு'. எது பாடம், எது பாடமில்லை என்று பிரிக்கிற வேலையை அவள் வைத்துக்கொள்ளவே இல்லை.

நூலகத்தின் மூன்றாம் மாடி வாசிப்பறையில் இருவருக்கும் ஒரே மேஜை அமைந்தது தற்செயல். ஒரு நாள் அக்கா மெதுவாகக் கேட்டாள். "எட்டு மணி க்ளாஸ் நோட்டு வச்சிருக்கியாம்மா? ஒரு மணி நேரம் குடுத்தா பாத்துட்டுத் தந்துடுறேன்."

தூண் நிமிர்ந்து பார்த்தாள். நோட்டை மேஜை மேல் தள்ளினாள். மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா வந்து உட்காரும்போது கேட்காமலே நோட்டு அவள் பக்கம் நகர்ந்து வந்தது. அதற்கடுத்த நாளும். அந்த வருஷம் முழுக்க அவர்கள் பேசியதை ஒரு தாளில் எழுதினால் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். ஜன்னல் பக்கம் வெயில் ஏறினால் ஒருத்தி எழுந்து திரையை இழுப்பாள். பேனா மை தீர்ந்தால் இன்னொருத்தியின் பேனா வந்துவிடும். வீட்டில், பஸ்ஸில், வார்டில் நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்த அக்காவுக்கு அந்த மௌனம் ஒரு சம்பளம் மாதிரி இருந்தது. முப்பது வயதில் சலவைப் பிரிவிலிருந்து ஒருத்தி வந்து நின்றபோது, எதற்கு என்று கேட்காமல் நூலக அட்டையை நீட்டிய இடம் இது. இங்கே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, எதிரே ஒரு தூண். இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

ஒரே தொல்லை, தூணின் கையெழுத்து. கோழி கிளறிய மாதிரி இருக்கும். வேகத்தில் பாதி எழுத்தை விழுங்கிவிடுவாள். அக்காவுக்கோ எழுதினால்தான் மனதில் ஏறும். அதனால் அந்தக் கிறுக்கலை வீட்டில் உட்கார்ந்து அழகாக, முழு வாக்கியங்களாக, தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டு எழுதினாள். இருமலையும் கதவையும் தள்ளிவிட்டாள். விட்டுப்போன இடங்களை முன்னும் பின்னும் பார்த்து யோசித்து நிரப்பினாள்.

அப்படி எழுதும்போதுதான் மைக்கேல் வந்தார்.

பெரிய அறிஞராகத் தெரிந்தார். ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் மேடம் அவரைக் குறிப்பிட்டிருந்தார். ஓரிடத்தில் 'மைக்கேல. மறுபடியும்' என்று இருந்தது. 'மைக்கேல் மறுபடியும் இதையே வலியுறுத்துகிறார்' என்று அக்கா எழுதினாள். இன்னோரிடத்தில் 'மைக்கேல. அப்புறம் சரியாச்சு'. அது 'மைக்கேலின் கருத்து பின்னர் சரிசெய்யப்பட்டது' ஆயிற்று. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், அரைப் பக்கம் காலியாக விட்டு நடுவில் 'மைக்கேல. அஞ்சு நிமிஷம்' என்று மட்டும் இருந்தது. அக்கா மூன்று நாள் அதையே யோசித்தாள். அதற்கு முன்பக்கத்தில் கூட்டத்தின் மௌனம் பற்றிய பாடம். பின்பக்கத்தில், தவறு நடக்கும்போது ஏன் ஆளுக்கு ஆள் அடுத்தவன் முகத்தைப் பார்க்கிறான் என்ற பாடம். நடுவில் என்ன இருக்க முடியும்? கடைசியில் தலைப்புப் போட்டு எழுதினாள்: 'மைக்கேலின் ஐந்து நிமிடக் கோட்பாடு. ஒரு கூட்டத்தின் முன்னால் தவறு நடக்கும்போது முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவராவது வாய் திறக்க வேண்டும். அது கடந்துவிட்டால் பிறகு யாரும் திறக்கமாட்டார்கள்.'

எழுதிய பிறகு அவளுக்கே சிலிர்த்தது. எப்பேர்ப்பட்ட மனிதர்!

அவருடைய புத்தகத்தைத் தேடி நூலகம் முழுக்க அலைந்தாள். கிடைக்கவில்லை. கவுன்டரில் இருந்தவர், "நல்ல புத்தகம்னா உடனே யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கம்மா" என்றார். தூணிடம் கேட்டிருக்கலாம். 'மைக்கேல் யாருன்னுகூடத் தெரியாதா' என்று அந்தச் சின்னப்பெண் நினைத்துவிடுவாளோ என்று வெட்கம். கேட்கவில்லை.

வீட்டில் மைக்கேல் பேச்சு ஓயவில்லை. மகள் கேள்வி கேட்பாள், அம்மா ஒப்பிப்பாள். கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நம்ம வீட்டுல ஒரு ஆள் கூடிட்டாரு போல. அவருக்கும் சேத்து சோறு வச்சிடு" என்பார்.

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க பஸ்ஸுல நடக்கிறதைத்தான் அந்த மனுஷன் சொல்றாரு."

"என் பஸ்ஸுக்கு எப்போ வந்தாரு? டிக்கெட் எடுத்தாராமா?"

நன்றிக்கு வேறு வழி தெரியாமல், எழுதிய நகலை வாராவாரம் தூணுக்கும் ஒரு பிரதி கொடுத்தாள் அக்கா. தூண் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வாள். படிக்கமாட்டாள்; தன் கிறுக்கல்தான் அவளுக்குப் புரியும். யாரோ கேட்டபோது அந்தப் பிரதியைக் கொடுத்தாள். அவன் வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போனான். கையெழுத்தைப் பார்த்து அசந்துபோன கடைக்காரர் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கடை முன்னால் அட்டையில் எழுதி மாட்டிவிட்டார்: 'அக்கா நோட்ஸ் கிடைக்கும்.' அக்கா அதைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. ஆறு வருஷமாக வாங்கியதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

தேர்வில் கேள்வி: 'கூட்டத்தின் மௌனம் குறித்து அறிஞர்களின் கருத்துகளை விளக்குக.'

நாங்கள் விளக்கினோம். மைக்கேலை விளக்கோ விளக்கு என்று விளக்கினோம்.

மூன்று வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் அந்தப் பட்டியல் வந்தது. எண்பத்து மூன்று விடைத்தாள்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. பாடத்திட்டத்தில் இல்லாத, எந்த நூலிலும் இல்லாத ஓர் அறிஞரை எல்லோரும் ஒரே சொற்களில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தேர்வறைக்குள் துண்டுச்சீட்டு சுற்றியிருக்க வேண்டும் என்று சந்தேகம். அக்கா நோட்ஸைப் படித்தோம் என்று எங்களில் யாரும் போய்ச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அனைவரும் பெரிய அரங்குக்கு வர வேண்டும்.

தேர்வுப் பிரிவு எழுத்தர் அக்காவுக்கு வேண்டியவர். அவருடைய அம்மா வார்டில் படுத்திருந்தபோது விரிப்பு மாற்றியதில் வந்த பழக்கம். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார். "அக்கா, கேட்டுக்கோங்க. யாரும் ஒத்துக்கலைன்னா எண்பத்து மூணு தாளும் செல்லாது, எல்லாருக்கும் மறுதேர்வு. அது தனி முயற்சியா கணக்குல வராது. உங்களுக்கு இன்னொரு சான்ஸ் கிடைச்ச மாதிரி. ஆரம்பிச்சது யாருன்னு தெரிஞ்சா அந்த ஆளோட பதிவு ரத்து, மத்தவங்க தாளைத் திருத்திடுவாங்க. அதனால வாயைத் திறக்காதீங்க."

"மறுதேர்வு ரிசல்ட் எப்போ வரும்?"

"நாலு மாசம் ஆகும். பாதிப் பசங்க அடுத்த மாசம் வேலையில சேரணும்னு ஆர்டரோட நிக்கிறாங்க. அவங்க பாடுதான் திண்டாட்டம்."

அக்கா மூன்றாம் மாடிக்கு ஏறினாள். தூண் வழக்கமான இடத்தில் இருந்தாள். பட்டியலில் அவள் எண் இல்லை.

"நீ மைக்கேல் பத்தி எழுதலையா?"

"எந்த மைக்கேல்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற! உன் நோட்டுலதானே இருக்கு?" அக்கா நோட்டை வாங்கிப் புரட்டி விரலை வைத்தாள். "இந்தா. மைக்கேல், அஞ்சு நிமிஷம்."

தூண் அந்த வரியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி வரியைப் பார்த்தாள்.

"அக்கா... அது மைக் கேக்கல. அந்த ஹால்ல மைக் அடிக்கடி செத்துடும். அன்னைக்கு அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே கேக்கல. அதைத்தான் எழுதினேன். மைக், கேக்கல."

அப்புறம் தூண் சிரித்தாள். ஒரு வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்து வைத்திருந்தாளோ என்னவோ, வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது. அக்காவும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. ஒரு கட்டத்தில் யாருடைய சிரிப்பு முதலில் நின்றது என்று தெரியவில்லை. இருவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஜன்னலில் ஏறியது. யாரும் எழுந்து திரையை இழுக்கவில்லை.

கடைசியில் தூண் சொன்னாள். "வெள்ளிக்கிழமை நான் வந்து சொல்றேன். என் கையெழுத்தாலதானே?"

"உன் கையெழுத்துல என்னம்மா தப்பு? நீ கேட்டதைத்தான் எழுதின. கேக்காததை எழுதினவ நான்."

"நீங்க சொன்னா உங்க பதிவு போயிடும்க்கா."

அக்கா நோட்டை மட்டும், "வெள்ளி வரைக்கும் இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாள்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "பஸ்ஸுல ஏறுறப்போ வழுக்கி விழுந்தவனை எழுபது பேரும் பாப்பாங்க. ஒருத்தர்தான் 'நிறுத்துங்க'ன்னு கத்துவாங்க. அந்த ஒரு சத்தம்தான் எனக்குக் கேக்கும்" என்றார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா முதன்முறையாக அந்த அரங்குக்குள் வந்தாள். ஆறு வருஷம் தள்ளியே நின்று பார்த்த இடம். தூணுக்குப் பின்னாலிருந்த இருக்கையில் போய் உட்கார்ந்து பார்த்தாள். மேடை தெரியவில்லை. இங்கிருந்தா அத்தனையும் எழுதினாள் அந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கொஞ்சம் தள்ளி, மேடை தெரிகிற இடத்துக்கு மாறினாள். நான் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன்.

மேடையில் குழுவினர் மூன்று பேர், ஓரத்தில் எறும்பு மேடம். முகம் வெளிறியிருந்தது. குழுத் தலைவர் சுருக்கமாகப் பேசிவிட்டு மேடத்திடம் மைக்கைக் கொடுத்தார். மேடம் பேச ஆரம்பித்தார்.

"உங்க மேல கோபத்துல நான் புகார் கொடுக்கலை. இந்த வருஷம்தான் நான் பாடம் நடத்த வந்தேன். நான் சொன்னது எதுவுமே உங்களுக்குப் போய்ச் சேரலையோன்னு..."

அங்கே மைக் செத்தது.

மேடத்துக்கு அது தெரியவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. கை ஏதோ விளக்கியது. ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எண்பத்து மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்வரிசை சொல்லும் என்று பின்வரிசை காத்திருந்தது. குழுத் தலைவரே சொல்வார் என்று முன்வரிசை காத்திருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தை அக்கா பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு. தன் கையெழுத்தில் தான் எழுதிய வரி அவளுக்கு முன்னால் வந்து நின்றது. மூன்று. மறுதேர்வு என்றால் இன்னொரு வாய்ப்பு. நான்கு.

அக்கா எழுந்தாள். வார்டுக்கு வார்டு கூப்பிட்டுப் பழகிய குரல், அதற்கு மைக் தேவையில்லை.

"மேடம்! மைக் கேக்கல!"

மேடம் நிறுத்தினார். அக்கா உட்காரவில்லை. "இதைத்தான் மேடம் நான் மைக்கேல்னு எழுதிட்டேன்" என்றாள்.

அரங்கில் எங்கோ ஒருவன் 'ஐயோ' என்றான். சிரிப்பு அங்கிருந்து வரிசை வரிசையாகப் பரவியது. அக்கா தூணின் நோட்டையும் தன் நோட்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

மேடம் தூணின் நோட்டைப் பிரித்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். குழுத் தலைவர் பொறுமையிழந்து தொண்டையைச் செருமியும் அவர் நிமிரவில்லை.

"நான் இருமினதைக்கூட எழுதியிருக்காங்க."

"ஆமா மேடம். நீங்க சொன்னது ஒண்ணு விடாம இருக்கு. மைக் செத்த இடம் தவிர."

"அஞ்சு நிமிஷம்..." மேடம் அந்தக் காலிப் பக்கத்தைத் தடவினார். "அன்னைக்கு என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. அறுநூறு பேர் இருந்தீங்க. ஏன் ஒருத்தர்கூடச் சொல்லலை?"

அக்கா தன் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை நீட்டினாள். மேடம் படித்தார். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவராவது வாய் திறக்க வேண்டும். இரண்டு முறை படித்தார் என்று அக்கா சொல்வாள்.

"இதைச் சொன்னது யாரு?"

"மைக்கேல் மேடம்."

அப்போது எறும்பு மேடம் சிரித்த சிரிப்பு மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது.

குழு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. காப்பியும் இல்லை, துண்டுச்சீட்டும் இல்லை, தவறாகப் படித்தது குற்றமாகாது என்று மேடம் விடாமல் வாதாடியதாக எழுத்தர் பின்னால் சொன்னார். பதிவு ரத்து இல்லை. தாள்கள் திருத்தப்படும். மைக்கேல் வரும் வரிகளுக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

வெளியே வராந்தாவில் தூண் நின்றிருந்தாள். அக்கா நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். பரவாயில்லை என்பது மாதிரி தூண் தலையசைத்தாள். இருவரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள்.

அக்கா தேர்ச்சிக்கு வேண்டியதைவிட மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்கினாள். பட்டம் பெற்று, அதே மருத்துவமனையில் நோயாளிகள் உதவிப் பிரிவில் சேர்ந்தாள். இப்போது அதன் பொறுப்பாளர். கணவர் போன வருஷம் ஓய்வு பெற்றார். மகள் அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்தாள். தூண் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருக்கிறாள். அங்கேயும் இருமலை எழுதுகிறாளா என்று தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்து அதிகம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அரங்குக்கு அந்த வருஷமே புது மைக் வந்தது. எறும்பு மேடம் இன்னும் அங்கேதான் பாடம் நடத்துகிறார். ஒவ்வொரு வகுப்பையும் 'கேக்குதா?' என்று கேட்டே தொடங்குகிறார். ஜெராக்ஸ் கடை இல்லை, அங்கே இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அன்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அடுத்த மாதமே வேலையில் சேர்ந்தேன். இன்னும் அதே வேலையில் இருக்கிறேன்.